எங்கள் தாகத்தையும் விசாரியுங்கள்

சபைகளை நடத்துகிற மேய்ப்பர்களுக்கும், மூப்பர்களுக்கும், சபைக் குழுக்களில் பொறுப்பில் இருக்கிற எல்லாருக்கும்

கர்த்தருக்குள் பிரியமான ஐயாமார்களே, அம்மாமார்களே,

ஸ்தோத்திரம். ஆராதனைக்கு வந்து உட்கார்ந்து, பாடி, பிரசங்கம் கேட்டு வீட்டுக்குப் போகிற சாதாரண விசுவாசிகளில் ஒருவராக இதை எழுதுகிறேன். எங்களை விசாரிப்பதில் நீங்கள் குறை வைப்பதில்லை. போன வாரம் ஏன் வரவில்லை, அப்பாவுக்கு உடம்பு இப்போது எப்படி இருக்கிறது, மகளுக்கு வேலை கிடைத்ததா, பாடகர் குழுவில் சேருகிறீர்களா என்று கேட்கிறீர்கள். அதில் இருக்கிற அன்பு எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. "தேவன்மேல் உனக்கு இப்போது வாஞ்சை எப்படி இருக்கிறது? அவர் வேண்டும் என்று உன் மனது தேடுகிறதா?" இந்தக் கேள்வியை நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

ஏன் கேட்கப்படுவதில்லை என்று எனக்குப் புரிகிறது. வருகைக்குப் பதிவேடு உண்டு, காணிக்கைக்குக் கணக்கு உண்டு, ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பட்டியல் உண்டு. வாஞ்சைக்கு அப்படி எதுவும் கிடையாது. அது குறைந்துபோனால் யாருக்கும் தெரியாது. ஒருவர் சபைக்கு வருவதை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தேவனைத் தேடுவதை நிறுத்தினால் இருபது வருஷம்கூடத் தெரியாமல் போகலாம். அவர் பாடிக்கொண்டிருப்பார், ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பார், ஜெபம் நடத்துவார், பிரசங்கம்கூடச் செய்வார். பழக்கம் அவரை நடத்திக்கொண்டு போகும்.

எபேசு சபைக்கு நடந்தது இதுதானே? வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்தச் சபையைப் பற்றிச் சொல்கிறவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். கிரியை இருக்கிறது, பிரயாசம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டுபிடித்த தெளிவு இருக்கிறது. அவருடைய நாமத்தினிமித்தம் இளைப்படையாமல் உழைத்திருக்கிறார்கள். எந்தச் சபையின் ஆண்டறிக்கையிலும் இதைவிட நல்லதாக எழுத முடியாது. அப்புறம்தான் அந்த வரி வருகிறது: "ஆனாலும், நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று உன்பேரில் எனக்குக் குறை உண்டு." அது சொல்லப்படும் வரைக்கும் அந்தச் சபையில் ஒருவருக்காவது அப்படி ஒரு குறை இருப்பது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதனால் நான் பயப்படுவது சோம்பலான சபைகளைக் குறித்து மட்டும் இல்லை, சுறுசுறுப்பான சபைகளைக் குறித்தும்தான்.

ஜெபக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். விண்ணப்பங்களைச் சொல்லச் சொல்கிறீர்கள். ஒருவர் அறுவை சிகிச்சைக்காக, ஒருவர் பரீட்சைக்காக, ஒருவர் விசாவுக்காக, ஒருவர் கடன் தீர, ஒருவர் மகனுக்கு நல்ல இடத்தில் திருமணம் அமைய என்று சொல்கிறார்கள். ஒரு சகோதரி குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொன்றாக ஜெபிக்கிறோம், முடிகிறது, எழுந்து போகிறோம். இதில் எந்த விண்ணப்பமும் தவறு என்று நான் சொல்லவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே ஆண்டவர். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத ராத்திரியில் ஒரு தாய் கேட்கிற ஜெபத்தைச் சின்ன ஜெபம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் "கர்த்தரை நான் இன்னும் அறிய வேண்டும், அதற்காக ஜெபியுங்கள்" என்று ஒரு வரி எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை இருக்கும்? தாவீதுக்கு எதிரிகள் இருந்தார்கள், சேனைகள் சூழ்ந்து நின்றன, யுத்தம் வாசலில் இருந்தது. 27-ஆம் சங்கீதம் அவற்றையெல்லாம் மறைக்காமல் சொல்கிறது. அப்படியிருந்தும் "கர்த்தரிடத்தில் ஒன்றை நான் கேட்டேன், அதையே நாடுவேன்" என்று அவன் சொன்ன அந்த ஒன்று, அவருடைய ஆலயத்தில் தங்கியிருந்து அவருடைய மகிமையைப் பார்ப்பது.

யாத்திராகமம் 33-ஆம் அதிகாரம் இதைவிடக் கூர்மையானது. சபையில் அதை இன்னும் அதிகமாகப் பிரசங்கிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கின பிறகு, அவர்களை நடத்தின மோசேயிடம் தேவன் சொல்கிறார்: தூதனை அனுப்புகிறேன், சத்துருக்களைத் துரத்திவிடுகிறேன், பாலும் தேனும் ஓடுகிற தேசத்துக்குப் போங்கள், ஆனால் நான் உங்கள் நடுவே வரமாட்டேன். ஒருநிமிஷம் நின்று யோசியுங்கள். கேட்டது எல்லாம் கிடைக்கிறது. பாதுகாப்பு, வெற்றி, சொந்த நிலம், வாக்குத்தத்தத்தின் நிறைவேறுதல். அவர் மட்டும் இல்லை. இதை எங்கள் முன்னால் வைத்தால் எங்களில் எத்தனைபேர் "சரி, போகலாம்" என்று மூட்டை கட்டுவோம்? அன்றைக்கு அந்த ஜனங்கள், சில நாளுக்கு முன்புதான் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடினவர்கள், அந்த வார்த்தையைக் கேட்டு ஆபரணங்களைப் போட்டுக்கொள்ளாமல் துக்கித்தார்கள். மோசே ஒரேயடியாக மறுத்துவிட்டான்: "உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்." வறண்ட வனாந்தரத்தில் தேவனோடு இருப்பது, செழிப்பான தேசத்தில் அவர் இல்லாமல் இருப்பதைவிட மேல் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதோடும் அவன் நிறுத்தவில்லை. முகமுகமாய்ப் பேசுகிற அளவுக்கு நெருக்கம் இருந்தும், "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று இன்னும் கேட்கிறான். தேவனை ருசித்தவனுக்குப் பசி அடங்குவதில்லை, கூடுகிறது.

ஆசீர்வாதம், உயர்வு, திறந்த வாசல் என்று பிரசங்கிக்கும்போது இந்த அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. அப்பம் புசித்துத் திருப்தியானதற்காகத் தேடி வந்த ஜனங்களை இயேசு துரத்திவிடவில்லை. ஆனால் அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை யோவான் 6-ஆம் அதிகாரத்தில் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். எங்களுக்கும் யாராவது அன்போடு அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண் விழித்ததும் கை போனைத் தேடுகிறது. படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே செய்தி, சண்டை, வேடிக்கை, யாரோ ஒருவருடைய வீட்டு விசேஷப் படங்கள், கூடவே ஒரு வேதவசனப் படம் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. "திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான்" என்று நீதிமொழிகள் 27:7 சொல்கிறது. நொறுக்குத்தீனியால் வயிறு நிரம்பின பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது போல, நாங்கள் வேதத்தைத் திறந்து இரண்டு வசனம் வாசித்து மூடிவிடுகிறோம். தேவன்மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. பசி இல்லை, அவ்வளவுதான். இதைக் கண்டித்தால் எங்களுக்குக் குற்ற உணர்வு வரும், பசி வராது. காலியாக இருக்கப் பழகிக்கொடுத்தால்தான் பசி வரும்.

அப்படிப் பழகுவதற்குச் சபையிலேயே இடம் இல்லை என்பதுதான் என் வருத்தம். வேதவாசிப்பு முடிகிற நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். வாசித்தவர் கடைசி வசனத்தை முடித்துப் புத்தகத்தை மூடுவதற்குள் கீபோர்டு தொடங்கிவிடுகிறது. அவர் இறங்கும்போதே பாடகர் குழு ஏறுகிறது. "கர்த்தருக்குக் காத்திருங்கள்" என்ற வசனத்தை வாசித்த பிறகும் யாரும் காத்திருப்பதில்லை. ஜெபத்துக்கு அடியிலும் இசை ஓடுகிறது, அறிவிப்புகள் வருகின்றன, வாழ்த்துகள் வருகின்றன, நன்றியறிவித்தல் வருகிறது. ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் போனால் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். வேதம் வாசித்து முடிந்த பிறகு, எல்லாரும் கேட்ட வசனத்தோடு உட்கார்ந்திருக்கும்படி இரண்டு நிமிஷம் விடுங்கள். முதல் சில வாரங்கள் சங்கடமாக இருக்கும். பிள்ளைகள் நெளிவார்கள், இருமல் சத்தம் கேட்கும். பரவாயில்லை. அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எங்களில் பலர் உள்ளே எவ்வளவு வறண்டிருக்கிறோம் என்பதை முதல் தடவையாகக் கவனிப்போம். தாகம் உணரப்படுவது அங்கேதான் தொடங்கும்.

இசைக்கு நான் விரோதி இல்லை. சங்கீதங்களே பாட்டுகள்தான். ஆனால் தாளம் ஏற ஏற உடம்பு சிலிர்ப்பதையும், விளக்கு மங்கும்போது கண் கலங்குவதையும் தேவனுக்கான வாஞ்சை என்று எங்களுக்குப் பழக்கிவிட்டால், அந்தச் சிலிர்ப்பு வராத திங்கட்கிழமையில் நாங்கள் என்ன செய்வோம்? தேவன் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டார் என்றுதான் நினைப்போம்.

அடுத்து, இருப்பதிலேயே அதிகமாகச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சபையில் வறட்சியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் நிறையப் பேர். ஜெபித்தால் வார்த்தை வருவதில்லை, வாசித்தால் உள்ளே இறங்குவதில்லை, தேவன் எங்கோ தூரத்தில் இருக்கிறார். இதை வெளியே சொல்ல முடியாது. ஏனென்றால் சாட்சி நேரத்தில் வருகிறவை எல்லாம் முடிந்துபோன கதைகள். வியாதி இருந்தது, போய்விட்டது. கடன் இருந்தது, தீர்ந்தது. "இன்னும் காத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை, ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்கிற சாட்சிக்கு மேடையில் இடமே கிடையாது. வேதத்தில் இடம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்கி, சிநேகிதரும் தோழரும் தூரமாகிப் போனார்கள் என்ற புலம்பலோடு, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. பரிசுத்த ஆவியானவர் அதை அப்படியே விட்டுவைத்தார். அதைச் சபையில் சத்தமாக வாசித்து, கடைசியில் அவசரமாக ஒரு ஆறுதல் பாட்டைச் சேர்க்காமல் விட நமக்கும் தைரியம் வேண்டும்.

42-ஆம் சங்கீதத்தை எல்லாருக்கும் தெரியும். மான் நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுகிற படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அந்தப் படத்தில் ஓடை நிரம்பி ஓடும், மான் அழகாகக் குனிந்து குடித்துக்கொண்டிருக்கும். சங்கீதத்தில் அப்படி இல்லை. அங்கே தண்ணீரே கிடைக்கவில்லை, அதனால்தான் கதறல். இரவும் பகலும் கண்ணீரே உணவு. "உன் தேவன் எங்கே" என்று மற்றவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். எழுதினவர் ஆலயத்துக்கு ஜனக்கூட்டத்தோடு போன பழைய நாட்களை நினைத்து உள்ளம் உருகுகிறார். வாஞ்சையைப் பற்றி வேதத்தில் இருக்கிற இவ்வளவு அழகான பாட்டு, தேவனை உணர முடியாத ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. ஆகவே தேவன் தூரமாகத் தெரிகிறார் என்று வருந்துகிறவரிடம், "உங்கள் விசுவாசத்தில் குறை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அந்த வருத்தமே வாஞ்சை இருப்பதற்கு அடையாளம். வாஞ்சை செத்துப்போனவருக்கு அவர் தூரத்தில் இருப்பது வலிக்காது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். ஏழைகளுக்காக உழைத்த அத்தனை வருஷங்களில் பெரும்பகுதி அவர் தேவனுடைய சமுகத்தை உணராத இருளில்தான் இருந்திருக்கிறார். ஆனாலும் ஜெபத்தை விடவில்லை, ஏங்குவதையும் விடவில்லை. இது பலவீனமான விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எல்லா வறட்சியும் ஆவிக்குரியதாக இருக்காது. சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் எலியாவிடம் பேசியது ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். தூக்கமில்லாத தாய், துக்கத்தில் இருக்கிறவர், மன அழுத்த நோயில் இருக்கிறவர் ஆகியோருக்கு ஓய்வும் துணையும் மருத்துவரும் தேவைப்படும் நேரத்தில் "இன்னும் ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

சரி, வாஞ்சையை வளர்ப்பது எப்படி? அதை யாராலும் உண்டாக்க முடியாது, அது கிருபை. ஆனால் அதற்கு இடம் பண்ணிக்கொடுக்கலாம், எங்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். "வேதம் வாசியுங்கள், ஜெபியுங்கள்" என்று சொல்கிறீர்கள். எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறவர்கள் குறைவு. இயேசு ஜெபம்பண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் சீஷர்கள் "எங்களுக்கும் போதியும்" என்று கேட்டார்கள் என்று லூக்கா 11-இல் இருக்கிறது. நீங்கள் தனியாக ஜெபிப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. மேடையில் ஜெபிப்பதைத்தான் பார்த்திருக்கிறோம்.

பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களை நடத்தின ஜார்ஜ் முல்லரைப் பற்றி நீங்கள் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்கிறீர்கள். ஜெபித்ததும் உணவு வந்த கதைகள் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அவர் 1841-இல் எழுதிவைத்த ஒரு விஷயத்தை அதிகமாகச் சொல்வதில்லை. அதற்கு முன்பு பல வருஷங்களாக அவர் காலையில் எழுந்ததும் நேராக ஜெபத்தில் இறங்குவாராம். கால் மணிநேரம், அரை மணிநேரம், சில நாள் ஒரு மணிநேரம்கூட முழங்காலில் இருந்த பிறகுதான் மனது ஒருநிலைக்கு வரும். பிறகு வழக்கத்தை மாற்றினார். முதலில் வேதத்தை எடுத்து, பிரசங்கத்துக்குக் குறிப்பு தேடாமல், தன் ஆத்துமாவுக்கு ஆகாரமாக மெதுவாகத் தியானிக்கத் தொடங்கினார். வசனமே அவரை அறிக்கைக்கும் நன்றிக்கும் விண்ணப்பத்துக்கும் கொண்டுபோனது. ஒவ்வொரு நாளும் தன்னுடைய முதல் வேலை தன் ஆத்துமா கர்த்தருக்குள் மகிழ்ச்சியாக இருப்பதே என்று அவர் எழுதினார். இல்லங்களும் பிள்ளைகளும் பொறுப்புகளும் தலைமேல் இருந்த மனிதர் இதை முதல் வேலை என்கிறார். இது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட வேண்டிய விஷயம்.

வருஷத்துக்குள் வேதத்தை வாசித்து முடிக்கும் திட்டங்களை நீங்கள் தருகிறீர்கள். நல்லது, முழு வேதமும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 1,189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் ஓட வேண்டும். பின்தங்கிப் போனவர்கள் லேவியராகமத்தோடு நின்றுவிடுகிறார்கள், முடித்தவர்கள் டிக் போட்டுக்கொள்கிறார்கள். அதோடு கூட, ஒரே ஒரு சங்கீதத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டு வாழவும் கற்றுக்கொடுங்கள். 63-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் "வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே" என்ற இடத்தில் மட்டும் நின்று, என் வாழ்க்கையில் அந்த நிலம் எது என்று பார்க்கலாம். இன்னொரு நாள் "உமது கிருபை ஜீவனைப்பார்க்கிலும் நல்லது" என்ற வரியில் நின்று, இதை நான் உண்மையாகச் சொல்ல முடிகிறதா என்று யோசிக்கலாம். சொல்ல முடியவில்லை என்றால், "சொல்லும்படி என்னை மாற்றும்" என்று கேட்கலாம். வாஞ்சைக்காக வாஞ்சிப்பதும் ஜெபம்தான். அதிலிருந்து தொடங்குகிறவர்களை வெட்கப்படுத்தாதீர்கள்.

அதிகாலை ஜெபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவீது "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்" என்று சொன்னது உண்மை. அதே சங்கீதத்தில் படுக்கையின்மேல், இராச்சாமங்களில் தியானிக்கிறதையும் சொல்கிறான். இரவுப் பணி முடிந்து வருகிற நர்ஸ், கைக்குழந்தையோடு இருக்கிற தாய், விடிவதற்கு முன்பே வண்டியை எடுக்கிற ஓட்டுநர், படுக்கையில் கிடக்கிற பெரியவரைக் கவனிக்கிறவர் ஆகியோரெல்லாம் "நமக்கு இது கொடுத்துவைக்கவில்லை" என்று நினைத்துவிடாதபடி பேசுங்கள். 38-ஆம் சங்கீதத்தில் "ஆண்டவரே, என் ஏங்கலெல்லாம் உமக்கு முன்பாக இருக்கிறது" என்று வருகிறது. ஹிப்போவின் ஆயராக இருந்த அகுஸ்தீன் அந்த வசனத்தை விளக்கும்போது, உன் ஏக்கமே உன் ஜெபம், ஏக்கம் இடைவிடாமல் இருந்தால் ஜெபமும் இடைவிடாமல் இருக்கும் என்கிறார். இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்ற பவுலின் கட்டளையை நாளெல்லாம் வேலை செய்கிறவர்கள் எப்படிக் கைக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கர்மேல் மடத்துச் சமையலறையில் வருஷக்கணக்காக வேலை செய்த லாரன்ஸ் என்ற சகோதரரும் அப்படித்தான் வாழ்ந்தார். அவருக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையில், பாத்திரங்களுக்கு நடுவே, தேவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். குறித்த ஜெப நேரத்தில் இருக்கிற அதே தேவசமுகத்தைத்தான் அடுப்படியிலும் அவர் கண்டார்.

நினைவுகூருவதையும் எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்ன மருந்தே "நினைத்து" என்று தொடங்குகிறது. பாஸ்கல் என்ற கணித மேதை 1654 நவம்பர் 23-ஆம் தேதி இரவு, ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை, தேவன் தன்னைச் சந்தித்ததை ஒரு தாளில் குறித்து வைத்தார். முதலில் தேதியும் நேரமும். அதன்கீழே "நெருப்பு" என்று ஒரே சொல். அப்புறம் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று. சந்தோஷம், சந்தோஷம், ஆனந்தக் கண்ணீர் என்று. யாரிடமும் காட்டவில்லை. 1662-இல் அவர் இறந்த பிறகு, மேற்சட்டையின் உள்துணியில் அது தைக்கப்பட்டிருந்ததை ஒரு வேலைக்காரர் கண்டுபிடித்தார். அந்த இரவுக்குப் பிறகு சுமார் எட்டு வருஷங்கள் அவர் அதைத் தன் உடம்போடு சுமந்திருக்கிறார். எங்களில் ஒவ்வொருவருக்கும் அவ்வளவு பெரிய இரவு வராமல் இருக்கலாம். ஆனால் தேவன் தொட்ட ஒரு நாள், ஒரு வசனம், ஒரு கண்ணீர் ஏதாவது உண்டு. அதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். வறண்ட வருஷங்களில் அது தேவைப்படும்.

உபவாசத்தைப் பற்றி: காரியம் வாய்க்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் உபவாசிக்கிறோம். மத்தேயு 9:15-இல் இயேசு சொன்ன காரணம் வேறு. மணவாளன் எடுபட்டுப்போன நாட்களில் சிநேகிதர் உபவாசிப்பார்கள் என்றார். அவர் கண்ணுக்கு முன்னால் இல்லை, அவரைப் பார்க்க வேண்டும், அதனால் சாப்பாடு இறங்கவில்லை என்கிற உபவாசம் அது. வருஷத்தில் ஒரு நாளாவது விண்ணப்பப் பட்டியல் எதுவும் இல்லாமல் அப்படி ஒரு உபவாசம் வையுங்கள். திருவிருந்தில் "அவர் வருமளவும்" என்ற வார்த்தையைச் சொல்லும்போதும் ஒரு மூச்சு நின்று சொல்லுங்கள். அவர் வருவார் என்று எங்களுக்குத் தெரியும், வரவேண்டும் என்று ஏங்குகிறோமா என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாஞ்சை உண்மையானதா என்று பார்க்க ஏசாயா 58 இருக்கிறது. அங்கே ஜனங்கள் நாள்தோறும் தேவனைத் தேடுகிறார்கள், அவரிடத்தில் சேர விரும்புகிறார்கள், உபவாசிக்கிறார்கள். அதே நாளில் வேலைக்காரர்களை வதைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். தேவன் அதை ஏற்கவில்லை. பசித்தவனுக்கு ஆகாரம், வீடில்லாதவனுக்கு இடம் என்றுதான் பேச்சு போகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்கிறவருடைய சம்பளத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு நாங்கள் ஆராதனையில் கண்ணீர் விட்டால், அதைக் கேட்கிற அதிகாரமும் கடமையும் உங்களுக்கு உண்டு. கேளுங்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி. எங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன், ஆனால் உங்களிடம் யார் கேட்கிறார்கள்? கல்யாணம், அடக்கம், மருத்துவமனை, கட்டட வேலை, கணக்கு, வீட்டுக்கு வீடு ஜெபம் என்று நாங்கள்தான் உங்களை ஓட வைக்கிறோம். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்கிறோம். உங்கள் வேத வாசிப்பு அடுத்த பிரசங்கத்துக்கான தேடலாகச் சுருங்கிப்போயிருந்தால் அதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கு ஏழுபேரைத் தெரிந்தெடுத்தது, மற்றவர்கள் ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருக்கும்படிதான். எங்களில் மருத்துவமனைக்குப் போய் ஜெபிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், கணக்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கட்டட வேலையை மேற்பார்க்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கொடுங்கள், செய்கிறோம். வாரக் கூட்டங்களில் ஒன்றைக் குறைத்து அந்தச் சாயங்காலத்தை எங்களுக்கும் உங்களுக்கும் திருப்பிக் கொடுங்கள். அதை வேறொரு கூட்டத்தால் நிரப்பாதீர்கள். மோசே கூடாரத்தை விட்டுத் திரும்பிய பிறகும் யோசுவா என்கிற வாலிபன் அங்கேயே இருந்தான் என்று யாத்திராகமம் 33:11 சொல்கிறது. எங்கள் வாலிபர்களுக்கு இப்போது அப்படிச் சும்மா அவருடைய சமுகத்தில் தங்கியிருக்க நேரமே இல்லை. அவர்களுடைய பக்தி முழுவதும் ஒத்திகையிலும் ஏற்பாட்டிலும் போய்விடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலை எடுப்பதற்கு முன்பு, மேசையைச் சுற்றி இருக்கிற ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைக் கடைசிவரை கேளுங்கள். பொருளாளருடைய அறிக்கை அன்றைக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. அப்புறம், வருகிற ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பங்களைக் குறித்துக்கொள்ளும் முன்பு ஒரு பதினைந்து நிமிஷம், கர்த்தரிடத்தில் கர்த்தரைத் தவிர வேறு எதையும் கேட்காமல் இருக்கும்படி எங்களை நடத்துங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், 27-ஆம் சங்கீதத்தின் நாலாம் வசனத்தை ஒருவர் வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் மந்தையில் ஒருவர்